சிறு சபை திறந்த பெருவழி

ஹவுகெட்டோ தொடருந்து நிலையத்தினூடாகச் செல்லும் இருப்புப்பாதை 1879இல் திறக்கப்பட்டது. அப்பாதை தென்கிழக்கே சார்ப்ஸ்பொர்க் நகரைத் தொட்டுச் செல்கின்றது. நோர்வேயின் முதலாவது மெதடிஸ்த சபை அந்நகரிலேதான் 1856 செப்டெம்பர் 11இல் அமைக்கப்பட்டது.

அதனை நிறுவியவர் புலம்பெயர்ந்த ஒரு கடலோடி. பிரெட்ரிக்ஸ்ரட்டைச் சேர்ந்த ஓல பீட்டர் பீட்டர்சன், நியூயோர்க் துறைமுகத்தில் ஸ்கண்டிநேவிய மாலுமிகளுக்கென நடாத்தப்பட்ட கப்பற் சிற்றாலயத்தில் இந்நெறியைத் தழுவினார். 1853இல் தாயகம் திரும்பிப் போதிக்கலானார்.

அன்றைய நோர்வேயில் இது எளிதன்று. குருவானவரின் அனுமதியின்றி மக்கள் கூடி வழிபடுவதைத் தடுத்த 1741ஆம் ஆண்டுக் கட்டளை 1842இலேயே நீங்கியது. அரச திருச்சபைக்கு வெளியே கிறிஸ்தவ சபைகள் இயங்க 1845ஆம் ஆண்டுச் சட்டம் இடமளித்தது. எனினும் பிரிந்து சென்றோருக்குப் பல அரச பதவிகள் நெடுங்காலம் மறுக்கப்பட்டன.

எமது மண்ணும் இந்நெறியை அறியும். நோர்வே அரசியல் யாப்பைப் பெற்ற அதே 1814ஆம் ஆண்டில் வெஸ்லியன் மிஷனரிமார் இலங்கையில் இறங்கினர். யாழ்ப்பாணத்தில் பீற்றர் பேர்சிவல் பாதிரியார் வேதாகமத்தைத் தமிழாக்குகையில் அவருக்குத் துணைநின்றவர், சைவம் காத்த ஆறுமுக நாவலர். தெல்லிப்பழையிற் பிறந்த மெதடிஸ்த போதகர் டி. ரி. நைல்ஸ், 1968இல் அயல்நாடான சுவீடனின் உப்சாலா நகரில் நடைபெற்ற உலகத் திருச்சபைகள் மன்றப் பேரவையிற் பிரசங்கித்தார். அங்கு உரையாற்றவிருந்த மார்ட்டின் லூதர் கிங் அவ்வாண்டு ஏப்ரலிற் கொல்லப்பட்டிருந்தார்.

அச்சிறு சபையினரைப் போன்றோர் நடந்த வழியே இன்று எமக்கும் வழியாயிற்று. 1969ஆம் ஆண்டுச் சட்டம், பதிவுபெற்ற எச்சமயத்தவருக்கும் உறுப்பினர் தொகைக்கேற்ப மானியம் பெறும் உரிமையை அளித்தது. 2021 ஜனவரி முதல் நடைமுறையிலுள்ள புதிய சட்டம், மானியம் பெறக் குறைந்தது 50 உறுப்பினர் வேண்டுமென்கின்றது. ஒருவர் இரு சபைகளிற் கணக்கிடப்படார். பதினைந்து வயதை எய்தியவர் சேர்வதையும் விலகுவதையும் தாமே முடிவு செய்வர்.

ஆகவே, அம்மறூட் சிவசுப்பிரமணியர் ஆலயமாயினும், தமிழ்க் கிறிஸ்தவர் கூடும் சபையாயினும், அதன் நாளைய நிலை கட்டடத்தின் உறுதியில் மட்டும் தங்கியதன்று. பதினைந்து வயதுப் பிள்ளை தன் விருப்பத்துடன் "இது எனது" என்று கூறவேண்டும். அதற்கு வழிபாட்டின் பொருளை அப்பிள்ளைக்கு விளங்கும் மொழியில் எடுத்துரைத்தல் பெற்றோர் கடனாகும். கல்லால் எழுந்த ஆலயமும் ஆளின்றேல் வெறுங் கல்லே.