28 தோல்வி! என்னதான் நடந்தது?

கூடைப்பந்து என்றால் பந்தைக் கூடையில் போடுவது மட்டும்தான் என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். எதிரணியைப் போடவிடாமல் தடுப்பதும் பாதி ஆட்டம். அந்தப் பாதியில் கோட்டைவிட்ட ஒரு அணியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

அமெரிக்காவின் என்.பி.ஏ. போட்டிகளில் ஆடும் டெட்ராய்ட் பிஸ்டன்ஸ், தடுப்பாட்டத்துக்கே பேர்போன அணி. 2004-ல் கோப்பை வாங்கியதே அதனால்தான். அதே அணி 2023 அக்டோபர் கடைசியில் தோற்க ஆரம்பித்து, டிசம்பர் 28 வரைக்கும் வரிசையா 28 ஆட்டம் தோற்றது! அதற்கு முன் ஒரே பருவத்தில் எந்த அணியும் இப்படித் தோற்றதில்லை. 27-வது தோல்வியில் கேட் கன்னிங்ஹாம் என்ற வீரர் தனியாளா 41 புள்ளி எடுத்தார். அப்பவும் 118-112 என்று தோல்விதான்.

தடுப்பு எப்படி உடைகிறது? பந்தோடு வருபவரை நம்ம ஆள் ஒருத்தர் மறிக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். எதிரணியின் நெட்டை ஆள் ஒருவர் நடுவில் தூண் மாதிரி வந்து நிற்பார். இதை ஸ்கிரீன் என்பார்கள். நம்ம ஆள் அதில் மாட்டிக்கொள்ள, பந்துக்காரர் நழுவி ஓடுகிறார். இப்போது நம்ம இரண்டாவது ஆள் முடிவு எடுக்கணும். முன்னால் போய் பந்தை மறிப்பதா, பின்வாங்கிக் கூடையைக் காப்பதா? முன்னால் போனால் அவர் பார்த்துக்கொண்டிருந்த நெட்டை ஆள் கூடைக்கு ஓடிவிடுவார். அவரை நிறுத்த மூன்றாவது ஆள் உள்ளே வரணும். அவர் விட்டுவந்த மூலையில் ஒருத்தர் 3 புள்ளிக்குத் தயாரா நிற்பார். அங்கே நாலாவது ஆள் ஓடணும். இத்தனையும் இரண்டு மூன்று நொடிக்குள்! கபடியில் செயின் பிடிக்கும்போது ஒரு கை விட்டால் என்ன ஆகும்? அதேதான் இங்கேயும்.

இப்படி ஐந்து பேரும் சொல்லாமலே புரிந்து நகரணும் என்றால், அதே ஐந்து பேர் சேர்ந்து ஆடிப் பழகணும். பயிற்சியாளர் மான்டி வில்லியம்ஸ் லேசுப்பட்டவர் இல்லை. 2022-ல் என்.பி.ஏ.-வின் சிறந்த பயிற்சியாளர் விருது வாங்கியவர். பிஸ்டன்ஸ் அவரை 6 வருடத்துக்கு 7 கோடியே 85 லட்சம் டாலர் பேசிக் கூட்டிவந்தது. (எவ்வளவு பெரிய தொகை பாருங்க!) ஆனால் யாரை முதலில் இறக்குவது என்பதை மாற்றிக்கொண்டே இருந்தார். ஜேடன் ஐவியை உட்காரவைத்து கிலியன் ஹேஸை இறக்கியதை ரசிகர்கள் ரொம்பத் திட்டினார்கள். மாற்று ஆட்கள் ஐந்து பேரையும் ஒன்றாக இறக்கிய நேரங்களும் உண்டு.

முழுப் பழியையும் அவர் தலையில் போட்டால் நியாயமில்லை என்பது என் கருத்து. அனுபவமுள்ள சிலர் காயத்தால் வெளியே இருந்தார்கள். மிச்சப் பேர் சின்னப் பசங்க. அவர்கள் பந்தைப் பறிகொடுத்தால் எதிரணி நேரே கூடைக்கு ஓடும், தடுக்க ஆளே இருக்காது. கடைசியில் 82 ஆட்டத்தில் 14 தான் வெற்றி. 2024 ஜூனில் வில்லியம்ஸை நீக்கினார்கள்.

அடுத்து வந்தவர் ஜே.பி. பிக்கர்ஸ்டாஃப். தடுப்பாட்டம்தான் முதல் வேலை என்றார். அனுபவசாலிகள் சிலரும் வந்து சேர்ந்தார்கள். கன்னிங்ஹாம் முதலான இளம் வீரர்கள் அப்படியேதான் இருந்தார்கள். 2024-25 பருவத்தில் வெற்றி 44! மூன்று மடங்குக்கும் மேல். 2025 ஏப்ரலில் நியூயார்க் அணியை அதன் சொந்த மைதானத்திலேயே ஜெயித்தார்கள். பிளே ஆஃப் சுற்றில் 2008-க்குப் பிறகு பிஸ்டன்ஸுக்குக் கிடைத்த முதல் வெற்றி அது.