நோய்க்காவல் – 9: முதியோர் இரத்தத்தில் ஒரு சாசனம்

1952-ஆம் வருஷத்தில் உலக சுகாதார ஸ்தாபனம் இன்புளூயன்சா ஜுரத்தைக் கண்காணிப்பதற்காகப் பல தேசத்து ஆய்வுக்கூடங்களை ஒன்றிணைத்து, லண்டன் மில் ஹில்லில் இருந்த நிலையத்தை அவற்றிற்கு நடுநாயகமாக வைத்தது வரையில் சென்ற இதழில் வந்து சேர்ந்தோம். இந்த வாரம், அந்த ஏற்பாட்டில் இந்தியாவின் நிலையமாக இருந்த நீலகிரிக் குன்னூர் பாஸ்டர் நிலையத்தைப் பற்றிச் சொல்வதாக வாக்களித்திருந்தேன். ஆயினும் அந்த நிலையம் 1957-இல் செய்த காரியத்தின் அருமை விளங்கவேண்டுமானால், அதே வருஷத்தில் வாஷிங்டன் நகரில் நடந்ததை முதலில் சொல்லித்தான் ஆகவேண்டும்.

அவ்வளவு கவனமாக அமைத்த ஏற்பாட்டில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. 1957 பிப்ரவரியில் சீனத்தின் குய்சோ மாகாணத்தில் புதியதோர் இன்புளூயன்சா ஜுரம் தலைகாட்டி, மாகாணம் விட்டு மாகாணம் பரவியது. ஆனால் மக்கள் சீனத்துக்கு அக்காலத்தில் உலக சுகாதார ஸ்தாபனத்தில் இடமில்லையாகையால், அந்தச் செய்தி ஜினீவாவை எட்டுவதற்கு வழி இல்லாமல் போயிற்று. ராஜதந்திரிகளின் பிணக்கு கிருமிக்கு இரண்டு மாத காலம் அவகாசம் கொடுத்தது என்று சொன்னால் அது மிகையன்று; இந்தத் தொடரை எழுதத் தொடங்கிய நாள் முதல் என் மனத்தை உறுத்திக்கொண்டிருப்பது இதுதான்.

ஏப்ரல் 17-ஆம் தேதி நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையில், ஹாங்காங்கில் சுமார் இரண்டரை லட்சம் பேர் ஜுரத்துக்குச் சிகிச்சை பெற்றார்கள் என்றும், நிலைகுத்திய கண்களோடு கூடிய குழந்தைகளை முதுகில் கட்டிக்கொண்டு தாய்மார்கள் வைத்தியசாலை வாயில்களில் காத்து நிற்கிறார்கள் என்றும் ஒரு செய்தி வெளிவந்தது. லட்சக்கணக்கானவர்கள் வாசித்து மறந்திருக்கக்கூடிய அந்தச் செய்தியை, வாஷிங்டனிலிருந்த வால்டர் ரீட் ராணுவ ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய மாரிஸ் ஹில்மன் என்பவர் மறக்கவில்லை. இத்தனை ஜனங்கள் ஒரே சமயத்தில் படுக்கிறார்கள் என்றால், இந்தக் கிருமி மனித குலத்துக்குப் பழக்கமில்லாததாக இருக்கவேண்டும் என்று கருதிய அவர், மறுநாளே ஜப்பானில் ஜாமா என்ற இடத்திலிருந்த அமெரிக்க ராணுவ ஆய்வுக்கூடத்துக்குத் தந்தி கொடுத்தார். ஹாங்காங் சென்று வந்து நோயுற்ற ஒரு கடற்படை வீரர் உப்பு நீரால் கொப்பளித்துத் துப்பிய நீர், மே மாத நடுவில் வாஷிங்டனுக்கு வந்து சேர்ந்தது.

இனி நடந்த சோதனையைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். கோழியின் சிவப்பணுக்களை ஒரு சிறு குழாயில் இட்டால், அவை வழுக்கி அடியில் இறங்கிக் குங்குமப் பொட்டுப்போல் சேர்ந்து நிற்கும். இன்புளூயன்சா வைரஸைச் சேர்த்தால், அணுக்கள் ஒன்றோடொன்று பிணைந்து, பொட்டாக இறங்காமல் பரந்துவிடும். 1941-இல் ஜார்ஜ் ஹர்ஸ்ட் கண்டறிந்த உண்மை இது. அந்த வைரஸை முன்னமே சந்தித்து வென்ற மனிதருடைய இரத்தத்தின் தெளிநீராகிய சீரத்தையும் உடன் சேர்த்தாலோ, அதிலுள்ள எதிர்ப்பொருள் வைரஸின் பிடியை மறித்துவிடுவதால், சிவப்புப் பொட்டு மீண்டும் அடியில் தோன்றும். எனவே ஒருவர் இந்நோயை அறிந்தவரா அல்லரா என்பதை, அவரை ஒரு வார்த்தை கேளாமலே அவருடைய இரத்தம் சொல்லிவிடுகிறது.

ஹில்மன் நூற்றுக்கணக்கானவர்களின் சீரத்தை இந்தப் புது வைரஸோடு சேர்த்துப் பார்த்தபோது பொட்டு தோன்றவே இல்லை. சிப்பாய்களிடத்திலும் இல்லை, சாமானிய ஜனங்களிடத்திலும் இல்லை. பின்னர், எழுபதும் எண்பதும் கடந்த முதியவர்கள் சிலருடைய சீரத்தில் மட்டும் அது தோன்றியது! அவர்கள் யார்? 1889-90-இல் உலகை வலம்வந்த ஜுரக் கொள்ளையின்போது சிறுவர்களாகவும் இளைஞர்களாகவும் இருந்தவர்கள். வைரஸ் என்ற பொருளையே விஞ்ஞானம் கண்டிராத அக்காலத்தில் அவர்கள் உடலில் புகுந்த ஏதோ ஒன்று இந்தப் புதுக் கிருமிக்கு நெருங்கிய உறவாக இருந்திருக்கவேண்டும் என்று ஆராய்ச்சியாளர்கள் அனுமானித்தார்கள். ஹாலந்தில் முல்டர், மசூரல் என்ற இருவரும் முதியோரின் சீரத்தைச் சோதித்து இதே செய்தியைக் கண்டு 1958-இல் வெளியிட்டார்கள். அறுபத்தேழு வருஷ காலம்! இரண்டு மகா யுத்தங்களையும் 1918-இன் இன்புளூயன்சாப் பெருங்கொள்ளையையும் கடந்து, பெயரில்லாத ஒரு பகைவனின் அடையாளத்தை அம்முதியவர்களின் இரத்தம் அழியாமல் காத்து வைத்திருந்தது என்பதை எண்ண எண்ண எனக்கு வியப்பு அடங்கவில்லை. நோயாளிகளை எண்ணுவதோடு நோய்க்காவல் முடிந்துவிடுவதாக நினைப்பவர்கள், வயதுவாரியாகச் சீரத்தைச் சேகரித்துக் குளிரில் பத்திரப்படுத்துவதை வீண் செலவு என்று இன்றும் சொல்கிறார்கள். அவர்களுக்கு இந்த ஒரு சம்பவமே போதிய மறுமொழி என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

எழுபது வயதுக்குட்பட்ட உலகம் முழுவதும் காப்பின்றி நிற்கிறது என்பது தெளிவானவுடன், செப்டம்பரில் பள்ளிகள் திறக்கும் சமயத்தில் நோய் அமெரிக்காவைத் தாக்கும் என்று ஹில்மன் மே மாதத்திலேயே அறிவித்தார். நம்பாதவர்கள் பலர். அவரோ மான்டானாவில் கோழிகளோடு வளர்ந்தவராகையால், பண்ணை வழக்கம் தெரிந்தவர். அக்காலத்தில் தடுப்பு மருந்துக்கான வைரஸைக் கருவுற்ற முட்டையில்தான் வளர்த்தார்கள். பொரிக்கும் பருவம் முடிந்ததும் பண்ணைக்காரர்கள் சேவல்களைக் கொன்றுவிடுவது வழக்கமாகையால், பிறகு முட்டைக்கு எங்கே போவது? ஆகவே சேவல்களைக் கொல்லாமல் வைத்திருக்கும்படி பண்ணைகளுக்குச் சொல்லுமாறு மருந்து உற்பத்தியாளர்களிடம் முன்கூட்டியே கேட்டுக்கொண்டார். அந்த வருஷ முடிவுக்குள் சுமார் 4 கோடி அளவு மருந்து தயாராயிற்று. அமெரிக்காவில் ஏறத்தாழ 70,000 பேர் மாண்டார்கள் என்பது ஒரு கணக்கு. மருந்து இல்லாதிருந்தால் அந்தத் தொகை இன்னும் பெருகியிருக்கக்கூடும்.

குன்னூருக்கு வரவேண்டிய இடத்தில் பக்கம் முடிந்துவிட்டது. கடற்படை வீரரின் தொண்டை நீர் வாஷிங்டனை அடைந்த அதே மே மாத நடுவில், சிங்கப்பூரிலிருந்து ஜுர நோயாளிகளோடு ஒரு கப்பல் சென்னைத் துறைமுகத்துக்கு வந்தது. மே 19 முதல் அடுத்த ஆண்டு பிப்ரவரி 8 வரையில் இந்தியாவில் 44,51,785 நோயாளிகளும் 1,098 மரணங்களும் குன்னூர் நிலையத்துக்கு அறிவிக்கப்பட்டதாகப் பதிவு கூறுகிறது. நாற்பத்து நான்கு லட்சம் நோயாளிகளுக்கு ஆயிரத்துச் சொச்சம் மரணம் என்ற விகிதம் நம்பத்தக்கதா, கிராமத்தில் விழுந்த ஒரு நோயாளி நீலகிரியிலிருந்த கணக்கில் எந்த வழியாக ஏறினார் என்ற கேள்விகளை அடுத்த இதழில் எடுத்துக்கொள்வோம்.