நான்காமவரைப் பற்றிக் கதை எழுதுவது எப்படி?

பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு

பாட்டுக் குழு ஒன்றில் நால்வர் இருந்தால் நால்வருக்கும் ஒரே அளவில் ரசிகர்கள் இருப்பதில்லை. ஒருவருடைய படம் நோட்டு அட்டைகளிலெல்லாம் ஒட்டப்படும். இன்னொருவர் பெயரைச் சொன்னால், "அவரும் அந்தக் குழுவில்தான் இருக்கிறாரா?" என்று கேட்பார்கள். எங்கள் வகுப்பில் இப்போது கொரிய நாட்டுக் குழுக்களின் பெயர்களே மிகுதியாக அடிபடுகின்றன. ஏழு பேரில் யாரைப் பிடிக்கும் என்ற விவாதத்திலேயே இடைவேளை முடிந்துவிடும். யாரும் கவனிக்காத ஏழாமவரைப் பிடிக்கும் என்று சொல்பவள் பாடு திண்டாட்டந்தான்.

தமக்குப் பிடித்த கலைஞரையோ கதாபாத்திரத்தையோ வைத்து ரசிகர்கள் தாமே புதிதாகக் கற்பனை செய்து எழுதும் கதையை 'ஃபேன் ஃபிக்‌ஷன்' என்பர். நாம் அதை 'ரசிகர் கதை' என்று சொல்லலாம். பெரும்பாலும் இது பணத்துக்காக எழுதப்படுவதன்று. ஒருவர் எழுத, அதே ஆர்வமுள்ள மற்றவர்கள் வாங்கிப் படிப்பார்கள், அவ்வளவே. குழுவில் முன்னால் நிற்பவரைப் பற்றி இவ்விதம் எழுதுவது எளிது. பின்னால் இருப்பவரைப் பற்றி எழுதுவது எப்படி என்பதே இக்கட்டுரையின் பொருள். உதாரணமாகப் பீட்டில்ஸ் குழுவில் டிரம் வாசித்த ரிங்கோ ஸ்டாரை எடுத்துக்கொள்கிறேன். அப்பாவின் பழைய ஒலிநாடாக்களால் அவர் எனக்கு அறிமுகமானவர். மேலும், அக்குழுவினர் என்றைக்கு எங்கே இருந்தார்கள் என்பது ஏறக்குறைய நாள்வாரியாக எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. கதை எழுதுகிறவளுக்கு அது பெரிய வசதி.

இதென்ன வேலையற்ற வேலை என்று பெற்றோர் சிலர் எண்ணக்கூடும். 'ஜேன் அயர்' எழுதிய சார்லட் பிரான்டியின் சிறுவயதுக் கதையை அவர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். 1826-ஆம் ஆண்டு ஜூன் மாதம் அவருடைய தந்தை தம் மகன் பிரான்வெல்லுக்கு மரப் போர்வீரர் பொம்மைகள் வாங்கி வந்தார். பத்து வயதுச் சார்லட் அவற்றுள் அழகானதை எடுத்து வெலிங்டன் பிரபு என்று பெயரிட்டாள். பிரான்வெல் தன் பொம்மைக்கு நெப்போலியன் பெயரை வைத்தான். இருவருமே அன்று உயிரோடு இல்லாவிட்டாலும் ஒருவர் இருந்தார். வெலிங்டன் இங்கிலாந்தில் நடமாடிக்கொண்டிருந்த மனிதர்! இப்பொம்மைகளை வைத்துக் குழந்தைகள் தீப்பெட்டி அளவுள்ள புத்தகங்கள் தைத்து, அச்சைப் போன்ற நுண்ணிய எழுத்தில் கதைகள் எழுதினார்கள். நாளடைவில் வெலிங்டனின் மகன்களும் கதைக்குள் வந்தனர். மூத்தவன் டூரோ அழகன், வீரன், எல்லோரும் புகழ்பவன். ஆனால் சார்லட் பல கதைகளை எழுதியது யார் பெயரில் தெரியுமா? இளைய மகன் சார்ல்ஸின் பெயரில்! அண்ணனை ஓரமாக நின்று பார்த்துக் குத்தலாகப் பேசும் தம்பி அவன். புகழ் பெற்றவனைக் காட்ட, புகழ் பெறாதவன் கண்ணே வசதியானது என்பதை அச்சிறுமி கண்டுகொண்டாள் போலும்.

ரிங்கோவின் இயற்பெயர் ரிச்சர்ட் ஸ்டார்க்கி. 1940 ஜூலை 7-ஆம் நாள் லிவர்பூல் நகரில் ஏழ்மையான பகுதியொன்றில் பிறந்தார். ஏழாவது பிறந்த நாளுக்குச் சற்று முன் குடல்வால் வெடித்து, பல நாள் நினைவின்றிக் கிடந்தார். மருத்துவமனையில் தேறி வரும்போது, அடுத்த கட்டில் பையனுக்குத் தன் பொம்மைப் பேருந்தைக் காட்ட எட்டிச் சாய்ந்து கீழே விழுந்தார். தையல் பிரிந்தது, படுக்கை வாசம் மேலும் நீண்டது. பள்ளிக்குத் திரும்பியபோது மாணவர்கள் 'லாசர்' என்று பட்டப்பெயர் வைத்தார்கள். (வேதாகமப் பாடத்தைக் கவனித்துக் கேட்ட பிள்ளைகள்தாம்!) எட்டு வயதிலும் அவருக்கு வாசிக்கத் தெரியவில்லை. அண்டை வீட்டுப் பெண் ஒருத்தி சொல்லிக் கொடுத்தாள். பதின்மூன்றாம் வயதில் நுரையீரல் நோய் வந்து, மீண்டும் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் மருத்துவமனை. அங்கே பிள்ளைகளுக்குப் பொழுது போக ஆசிரியை ஒருவர் சிறு வாத்தியங்களைக் கொண்டுவந்து கொடுப்பார். டிரம் கொடுத்தால்தான் வாசிப்பேன் என்று பையன் அடம் பிடித்தான். மற்ற நேரங்களில் நூல் சுற்றும் கட்டைகளால் கட்டிலருகே இருந்த அலமாரியைத் தட்டிக்கொண்டிருந்தான்.

இதைப் படித்தவுடன் எழுதுகிறவளுக்குக் கண்ணீர் வரும். இங்கேதான் கவனம் வேண்டும். அதிகம் விரும்பப்படாதவரைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் அவரை அழவைத்தே பக்கங்களை நிரப்பிவிடுகிறார்கள். கதை முழுவதும் 'ஐயோ பாவம்' என்றே ஓடும். இல்லாவிட்டால் அவரை உயர்த்துவதற்காக மற்றவர்களைக் கெட்டவர்களாக்கிவிடுவார்கள். இரண்டாவது வகைக் கதைகளை நான் பாதியிலேயே மூடி வைத்துவிடுவேன்.

ரிங்கோ உண்மையிலேயே விரும்பப்படாதவரா என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1964-இல் அமெரிக்கச் சிறுமியருக்கு அவர்மேல் கொள்ளை ஆசை. அவர் பெயர் பொறித்த வில்லைகளைச் சட்டையில் குத்திக்கொண்டு திரிந்தார்கள். அவரைக் குறைத்து மதிப்பிட்டவர்கள் விஷயம் தெரிந்தவர்கள் என்று தம்மை எண்ணிக்கொண்டவர்களே. பாட்டுகளை எழுதியவர்கள் பெரும்பாலும் லெனனும் மெக்கார்ட்னியும், பிறகு ஹாரிசன். ரிங்கோ தனியாக எழுதிப் பீட்டில்ஸ் இசைத்தட்டில் இடம்பெற்றவை இரண்டே இரண்டு. 'சர்' பட்டம் மெக்கார்ட்னிக்கு 1997-இல் வழங்கப்பட்டது. ரிங்கோவுக்கு 2018 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அவர் குழுவுக்குள் வந்த விதமும் இனிமையானதன்று. 1962 ஆகஸ்டில் பீட் பெஸ்ட் என்ற டிரம் வாத்தியக்காரரை நீக்கிவிட்டு இவரைச் சேர்த்துக்கொண்டார்கள். பெஸ்ட்டின் ரசிகர்கள் கொதித்தெழுந்தனர். ரிங்கோ வேண்டாம் என்று லிவர்பூல் அரங்கில் கூச்சலிட்டார்கள். அந்தக் கலவரத்தில் ஜார்ஜ் ஹாரிசனுக்குக் கண்ணில் அடிபட்டுக் கறுத்துப் போயிற்று. அடுத்த மாதம் 'லவ் மீ டூ' பாட்டின் ஒலிப்பதிவு. செப்டம்பர் 4 அன்று ரிங்கோ வாசித்தார். 11 அன்று மீண்டும் பதிவு செய்யப் போனால், அவர் இடத்தில் ஆன்டி வைட் என்ற அனுபவசாலி அமர்ந்திருந்தார். ரிங்கோவின் கையில் டம்போரினைக் கொடுத்தார்கள். நம் கஞ்சிராவைப் போல உலோகத் தகடுகள் குலுங்கும் வாத்தியம் அது. இரண்டு பதிவுகளும் இன்று கேட்கக் கிடைக்கின்றன. டம்போரின் ஒலி கேட்டால் டிரம் வாசிப்பவர் ரிங்கோ அல்லர் என்று தெரிந்துகொள்ளலாம். எழுத உட்காரும் முன் நான் இரண்டையும் பல முறை கேட்டேன்.

கேட்பதுதான் முதல் வேலை என்பேன். ரிங்கோ இடக்கைப் பழக்கமுள்ளவர். ஆனால் வலக்கைக்காரருக்கு ஏற்றபடி அமைத்த டிரம்களையே வாசித்தார். ஆகவே, ஒரு டிரம்மிலிருந்து அடுத்ததற்கு உருட்டிச் செல்லும்போது மற்றவர்களுக்கு எளிதாக வருவது அவருக்கு வராது. சற்றே தயங்கி, வேறு வழியாகச் சுற்றிப் போவார். அந்தத் தயக்கமே அவர் வாசிப்பின் தனி அழகாகிவிட்டது. 'அவர் திறமையாக வாசித்தார்' என்று கதையில் எழுதினால் யாருக்கும் ஒன்றும் தெரியாது. இடக்கை முந்திப் போவதை எழுதினால் ஆளே கண்முன் வருவார்.

அடுத்தது, அவர் உட்கார்ந்த இடத்தில் நாம் உட்கார்ந்து பார்ப்பது. மேடையில் மூவரும் முன்னால் நிற்க, டிரம்காரர் பின்னால் சற்று உயரத்தில் அமர்ந்திருப்பார். ரசிகர்களுக்கு மூவரின் முகங்கள் தெரியும்; அவருக்குத் தெரிவது மூன்று முதுகுகள். 1965 ஆகஸ்ட் 15 அன்று நியூயார்க் ஷே விளையாட்டரங்கில் 55,000-க்கும் மேற்பட்டோர் கூடினார்கள். கூச்சலில் பாட்டே கேட்கவில்லை. பாடுபவருக்கு அவர் குரலைத் திருப்பிக் கேட்கச் செய்யும் ஒலிபெருக்கிகள் மேடையில் அக்காலத்தில் இல்லை. அப்படியானால் ரிங்கோ தாளத்தை எப்படி விடாமல் பிடித்தார்? முன்னால் இருப்பவர்களின் தலை ஆடுவதையும் கால் தட்டுவதையும் உடம்பு அசைவதையும் பார்த்து, பாட்டு எந்த இடத்தில் இருக்கிறது என்று கண்டுகொள்வாராம். அரை லட்சம் பேர் பார்த்துக்கொண்டிருந்த அந்த மூவரை, அவர்களில் எவரும் பார்க்காத பக்கத்திலிருந்து பார்த்தவர் அவர் ஒருவரே. இதைவிட நல்ல கதைசொல்லி வேறு யார் கிடைப்பார்?

அவர் இல்லாத நாட்களிலும் கதை இருக்கிறது. 1964 ஜூன் 3 அன்று தொண்டைச் சதை வீங்கி மருத்துவமனையில் சேர்ந்தார். மறுநாளே வெளிநாட்டுப் பயணம். ஜிம்மி நிக்கோல் என்பவரை அவசரமாக மாற்றாளாக அமர்த்தினார்கள். ரிங்கோ இல்லாமல் போகக்கூடாது என்று ஜார்ஜ் மறுத்துப் பார்த்தார், நடக்கவில்லை. ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு நகரத் தெருக்களில் சுமார் 3,00,000 பேர் திரண்டு வரவேற்றதாகச் சொல்வர். அத்தனை பேரும் கையசைத்தபோது ரிங்கோ அங்கே இல்லை. ஜூன் 14 அன்று மெல்பர்னில்தான் வந்து சேர்ந்துகொண்டார்.

எல்லாவற்றிலும் எனக்குப் பெரிதாகத் தோன்றுவது 1968 ஆகஸ்டில் நடந்தது. ஒலிப்பதிவுக்கூடத்தில் தினமும் மனத்தாங்கல். தாம் நன்றாக வாசிக்கவில்லை, மற்ற மூவரும் நெருக்கமாக இருக்கிறார்கள், தாம் மட்டும் வெளியாள் என்று ரிங்கோவுக்குத் தோன்றிற்று. லெனன் வீட்டுக்குப் போய் இதைச் சொல்லி, குழுவை விட்டு விலகுவதாகக் கூறினார். லெனனோ, நீங்கள் மூவரும்தான் நெருக்கம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன் என்றாராம். மெக்கார்ட்னியிடம் போனார்; அங்கேயும் அதே பதில்! ஜார்ஜிடம் கேட்கவே போகவில்லை என்று ரிங்கோ பிற்பாடு சொல்லியிருக்கிறார். குடும்பத்தோடு சார்டினியாத் தீவுக்குப் போய்விட்டார். அங்கே படகின் தலைவர் ஒருவர், ஆக்டோபஸ் கடலடியில் கற்களையும் மின்னும் பொருள்களையும் பொறுக்கித் தன் குகைக்கு முன்னால் தோட்டம் போல அடுக்கும் என்று சொன்னார். அதுவே 1969-இல் வெளிவந்த 'ஆக்டோபஸ்ஸ் கார்டன்' பாட்டாயிற்று. திரும்பி வரச் சொல்லித் தந்தி வந்தது. செப்டம்பர் தொடக்கத்தில் அவர் கூடத்துக்குள் நுழைந்தபோது டிரம் முழுவதும் மலர்களால் அலங்கரிக்கப்பட்டிருந்தது.

பாருங்கள், இதில் கெட்டவர் யாருமே இல்லை. எந்தக் குழுவிலும், ஏன், மதிய உணவுக்கு வட்டமாக உட்காரும் தோழியரிடையேயும், வெளியாள் நான்தான் என்று ஒருத்தி நினைத்துக்கொண்டிருக்கையில் மற்றவர்களும் அதையே நினைத்துக்கொண்டிருக்கக்கூடும்.

இனி, கடினமான கேள்வி. ரிங்கோ கற்பனைப் பாத்திரம் அல்லர். குடும்பமும் மனமும் உள்ள மனிதர். அவர் சொல்லாததை அவர் வாயில் வைப்பது பொய்ச்சாட்சி ஆகாதா? ஆகலாம் என்பதற்கு அவர் வாழ்விலேயே சான்று இருக்கிறது. ரிங்கோ பீட்டில்ஸ் குழுவுக்குள்ளேயே சிறந்த டிரம்காரர் அல்லர் என்று லெனன் கேலி செய்ததாக உலகமே சொல்கிறது. லெனன் அப்படிச் சொன்னதற்கு ஆதாரமே இல்லை. 1980 டிசம்பரில் அவர் இறந்த பிறகு, பிரிட்டிஷ் நகைச்சுவை நிகழ்ச்சிகளில் கிளம்பிய துணுக்கு அது. யாரோ சிரிப்பதற்காக எழுதிய ஒரு வரி, இறந்துபோன நண்பரின் பெயரால் ரிங்கோவை ஆண்டுக்கணக்காகத் துரத்திற்று.

ஆகவே நான் சில எல்லைகளை வைத்துக்கொண்டிருக்கிறேன். முதல் பக்கத்திலேயே 'இது கற்பனை' என்று எழுதிவிடுவேன். அவருடைய மனைவி, மக்கள், வீட்டுச் சண்டைகள் என் கதைக்குள் வருவதில்லை. பொதுவில் அறியப்பட்ட நிகழ்ச்சிகளை மாற்றுவதில்லை. முக்கியமாக, அவர் மனத்துக்குள் புகுந்து எழுதுவதில்லை. பக்கத்தில் ஒரு கற்பனை ஆளை நிறுத்தி, அந்த ஆள் கண்டதையே எழுதுவேன். என் முதல் கதையை, பொம்மைப் பேருந்தை வாங்கக் கை நீட்டிய அடுத்த கட்டில் பையன் சொல்வதாக அமைத்தேன். அவனுக்கு என்ன நோய், பேருந்து என்ன நிறம் என்பதெல்லாம் என் கற்பனை. விழுந்த சத்தம் கேட்டுச் செவிலியர் ஓடி வருவது வரையில்தான் கதை. பெரியவனான பிறகு அப்பையன் வானொலியில் டிரம் ஒலியைக் கேட்டு அடையாளம் கண்டுகொள்வதாக முடிக்கலாமே என்று தோழி ஒருத்தி சொன்னாள். சினிமா போலிருக்கும் என்று நான் சம்மதிக்கவில்லை.

இக்கதை இப்போது நோட்டிலிருந்து நோட்டுக்குப் படியெடுக்கப்பட்டு எங்கள் வகுப்பைச் சுற்றி வருகிறது. ஷே விளையாட்டரங்கின் மூன்று முதுகுகளை வைத்து இன்னொரு தோழி எழுதிக்கொண்டிருக்கிறாள். ரிங்கோ குணமாகி வந்தவுடன் வேலை முடிந்துபோய், மறுநாள் காலை மெல்பர்ன் விமான நிலையத்தில் தனியாக உட்கார்ந்திருந்த ஜிம்மி நிக்கோலைப் பற்றி மட்டும் இன்னும் யாரும் எழுதவில்லை.