தோழர் முன்னிலையில் துணிவு

தனித்திருக்குங்கால் அடக்கமாய் ஒழுகும் வாலிபனொருவன், தோழர் குழாத்துட் சேர்ந்தவுடன் மோட்டார் சைக்கிளைக் கடுவேகமாய்ச் செலுத்துவதையும் ஆழமறியா நீரிற் குதிப்பதையும் நாம் காண்கின்றோம். ஆபத்தை அறியாமையே இதற்குக் காரணமென்பர் பலர். அக்கூற்று முற்றும் பொருந்துவதன்று.

அமெரிக்காவில், பிலடெல்பியா நகரத்து டெம்பிள் பல்கலைக்கழக உளநூலாராகிய மார்கோ கார்ட்னர், லாரன்ஸ் ஸ்டைன்பர்க் என்னும் இருவர் 2005ஆம் ஆண்டில் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டனர். 13 முதல் 16 வயதினர், 18 முதல் 22 வயதினர், 24 வயதும் அதற்கு மேலும் ஆயினோர் என மூவகையினராய் 306 பேரைக் கணிப்பொறியில் வண்டியோட்டும் விளையாட்டொன்றை ஆடச் செய்தனர். மஞ்சள் விளக்கு எதிர்பாராத கணத்தில் சிவப்பாகும். அக்கணமே ஒரு சுவர் எழும். அதில் மோதாமல் இயன்றவளவு தூரம் செலுத்துதலே வெற்றி. தோழர் உடனிருந்தபோது, இளையோர் தனித்து ஆடியதினும் மிகத் துணிந்து செலுத்தினர். முதிர்ந்தோரிடத்து அவ்வேறுபாடு காணப்படவில்லை. தனித்தார்க்கும் கூடினார்க்கும் விதி ஒன்றே, ஆபத்தும் ஒன்றே. பார்ப்போர் இருந்தமையே வேறுபாடு.

2011இல் அப்பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட மற்றோர் ஆராய்ச்சி மூளையைப் படமெடுத்து நோக்கியது. தோழர் பார்க்கின்றனரென அறிந்த இளையோரிடத்துப் பரிசை எதிர்நோக்கும் மூளைப்பகுதி மிகுதியாய்க் கிளர்ந்தது. செல்வமும் பதவியும் இன்னும் எய்தாத பருவத்தில், தோழரிடைப் பெறும் மதிப்பே பெரும்பொருள் அன்றோ? 'கோழை' என்னும் ஒரு சொல் அதனைப் பறித்துவிடும். ஆதலின், எலும்பு முறிதலினும் எள்ளப்படுதலையே இளையோன் அஞ்சுகின்றான்.

இதற்கு மாற்று யாது? சுவார்த்மோர் கல்லூரிப் பேராசிரியர் சாலமன் ஆஷ் என்பார் 1951இல் வெளியிட்ட ஆராய்ச்சி வழிகாட்டுகின்றது. கோடுகளின் நீளத்தை ஒப்பிடுமாறு அவர் மாணவரைக் கேட்டார். முன்னரே பயிற்றப்பட்ட ஏனையோர் அனைவரும் ஒருமித்துப் பிழையாக விடையிறுப்ப, ஆராயப்பட்டோர் விடைகளில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு அப்பிழைக்கே இசைந்தன. ஆனால் அக்கூட்டத்தில் ஒருவர் மட்டும் உண்மை கூறிய இடத்து, அவ்விசைவு நான்கிலொரு பங்காகச் சுருங்கிற்று.

கோடளத்தல் சிறு செயலே. எனினும் அது தரும் பாடம் பெரிது. ஆபத்தில் இறங்குவோனை மட்டும் பழித்தல் முறையன்று. சூழநின்று ஆரவாரிக்கும் நாமும், வாய்வாளாது நிற்கும் நாமும் அச்செயலிற் பங்குடையோம். நம்முள் ஒருவர் 'வேண்டா' என்பாராயின், அவ்வாறே எண்ணியும் சொல்லத் துணியாத பிறர்க்கு அது வாய்திறக்கும் வழியாகும். அவ்வொருவராதலே தோழமைக்குரிய துணிவென்க.