கேமராவுக்கு உயிர் தரும் கேபிள்

போலீஸ் நிலையத்தில் கேமரா இருந்தால் மட்டும் போதாது, அது விழித்திருக்கவும் வேண்டும்

திருவனந்தபுரத்திலிருந்து சுமார் 60 கி.மீ. கல்லாற்றைத் தாண்டியதும் 22 கொண்டை ஊசி வளைவுகள். ஏறி முடித்தால் பொன்முடி. சுற்றுலாப் பயணிக்கு இங்குள்ள மூடுபனி பரவசம். ஒயர் இழுக்க வருபவருக்கோ அது வெறும் ஈரம். போதாக்குறைக்கு துலா வர்ஷ மாதங்களில் மதியத்துக்கு மேல் இடி, மின்னல். மரம் சாய்ந்தால் மின்வெட்டு.

இந்த மலைக்கும் ஒரு போலீஸ் நிலையம் இருக்கிறது. 2020 டிசம்பர் 2 அன்று பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவு தலைநகர நிலையங்களைப் போலவே இதற்கும் பொருந்தும். வாசல், லாக்-அப், தாழ்வாரம், இன்ஸ்பெக்டர் அறை, கழிவறைக்கு வெளியே, கட்டடத்தின் பின்புறம் என எந்த மூலையும் கேமராவுக்குத் தப்பக் கூடாது. பதிவுகளை 18 மாதங்கள், முடியாவிட்டால் குறைந்தது ஓராண்டாவது பாதுகாக்க வேண்டும். மின்சாரம் இல்லாத இடமா? சூரிய சக்தியிலாவது கொடுத்தாக வேண்டும்.

ஆக, ஒரு சிறிய நிலையத்துக்கே பத்துப் பதினைந்து கேமராக்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு பிளக் பாயின்ட், ஓர் அடாப்டர் என்று போனால், கரண்ட் போன மறுகணமே அத்தனையும் குருடு. இதற்கு விடை, கடைக்காரர்கள் 'லேன் கேபிள்' என்று அழைக்கும் எட்டுக் கம்பிகள் கொண்ட ஒயர். முறுக்கிய இணைக் கம்பி என்று தமிழ்ப்படுத்தலாம், ஆனால் அப்படிக் கேட்டால் எந்தக் கடையிலும் கிடைக்காது! இரண்டு கம்பிகளை ஒன்றோடொன்று முறுக்கினால் வெளியிலிருந்து வரும் மின் இரைச்சல் இரண்டிலும் சமமாக ஏறி, மறுமுனையில் கழிந்துபோகிறது. 1881லேயே கிரகாம் பெல் இதற்குக் காப்புரிமை பெற்றுவிட்டார்.

அதே ஒயரில் படமும் மின்சாரமும் சேர்ந்தே போவதற்கான பொதுத் தரம் 2003ல் வந்தது. ஒரு கேமராவுக்கு 15.4 வாட் வரை அனுப்பலாம். 2009ல் அது 30 வாட்டாக உயர்ந்தது. மின்னழுத்தம் பழைய தொலைபேசி லைனைப் போலவே சுமார் 48 வோல்ட். இந்த எண்ணில்தான் சூட்சுமம். 7 வாட் கேமராவை 100 மீட்டர் தள்ளி வைத்து, இதே ஒயரில் 12 வோல்ட் அனுப்பிப் பார்த்தால் அது கண்ணே திறக்காது. வழியிலேயே அழுத்தம் கரைந்துவிடும். 48 வோல்ட் என்றால் இழப்பு ஒன்றரை வோல்ட் அளவுதான்.

மின்சாரத்தைப் பங்கிடும் 'ஸ்விட்ச்' பெட்டி எடுத்த எடுப்பில் 48 வோல்ட்டைப் பாய்ச்சுவதில்லை. முதலில் சிறு அழுத்தம் அனுப்பி, எதிர்முனையில் 25 கிலோ ஓம் அடையாளம் இருக்கிறதா என்று விசாரிக்கும். இருந்தால்தான் முழு மின்சாரம். தரத்துக்குக் கட்டுப்படாத மலிவுப் பெட்டிகள் இதையெல்லாம் கேட்பதில்லை.

மலிவு என்றதும் இன்னொன்று. தாமிரம் பூசிய அலுமினியக் கம்பி, பெட்டியில் பார்த்தால் அசல் போலவே இருக்கும். ஆனால் மின்தடை ஒன்றரை மடங்குக்கும் மேல். தூரத்துக் கேமராதான் முதலில் அணையும். பொன்முடி போன்ற இடங்களில் கட்டடத்துக்கு வெளியே கம்பம்வரை செம்பு இழுப்பதே வினை. மின்னல் அந்த வழியாக உள்ளே வந்து பெட்டியையே தீர்த்துவிடும். வெளியே கண்ணாடி இழை, உள்ளே செம்பு, நல்ல எர்த்திங் என்பதே சரியான ஏற்பாடு. 16 கேமராக்கள் சேர்ந்தாலும் சுமார் 110 வாட்தான். ஸ்விட்ச் பெட்டிக்கும் பதிவுப் பெட்டிக்கும் ஒரு நல்ல யு.பி.எஸ். கொடுத்தால் மின்வெட்டிலும் எல்லாம் விழித்திருக்கும்.

ஆனால் எல்லாக் கண்களும் ஒரே பெட்டியில் குவிந்தால், எல்லாவற்றையும் மூடவும் ஒரே விரல் போதும். கேமராக்களைப் பராமரிக்கும் பொறுப்பை நிலையத் தலைமை அதிகாரியிடமே ஒப்படைத்திருக்கிறது நீதிமன்றம். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் போலீஸ் காவலில் தாக்கப்பட்டு இறந்தபோது, விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட் கண்டது என்ன? கேமராக்கள் இருந்தன. ஹார்ட் டிஸ்கில் 1 டெராபைட் இடமும் இருந்தது. பதிவுகள் தினமும் தானாக அழியும்படி அமைக்கப்பட்டிருந்தது.

கேரளத்தின் குன்னங்குளத்தில் நடந்தது இதற்கு நேர்மாறு. 2023 ஏப்ரலில் அங்குள்ள நிலையத்துக்குள் ஓர் இளைஞர் தாக்கப்பட்டார். அந்தப் பதிவு அழியவில்லை. தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் நீண்ட காலம் போராடி அதைப் பெற்றார். 2025 செப்டம்பரில் நாடே அதைப் பார்த்தது.