காவிரி இரண்டு... குழாய் ஒன்று! உங்கள் வீட்டுத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

வேலூர் மாவட்டம் ஒடுகத்தூருக்குப் பக்கத்திலேயே ஒரு காவிரி உண்டு. ஜவ்வாது மலையில் பிறந்து பாலாற்றில் கலக்கும் உத்திர காவிரி. மழைக்காலத்தில் வெள்ளம், மற்ற மாதங்களில் பெரும்பாலும் வெறும் மணல். ஆனால், அந்த மணலில் இறங்கும் நீர்தான் கரையோரக் கிணறுகளுக்கும் போர்வெல்களுக்கும் ஊற்று.

மேட்டூர் பகுதியில் எடுக்கப்படும் இன்னொரு காவிரி, கூட்டுக் குடிநீர்த் திட்டக் குழாய்களில் வேலூர் மாவட்டத்துக்கு வருகிறது.

ஆற்று நீரில் படிகாரம் கலந்து, கலங்கலைப் படியவைத்து, மணலில் வடிகட்டி, கடைசியாக குளோரின் சேர்ப்பார்கள். நிலத்தடி நீரை மண்ணே வடிகட்டிவிடுவதால், பெரும்பாலும் மேல்நிலைத் தொட்டியில் பிளீச்சிங் பவுடர் மட்டும்தான்.

குளோரின் கிருமிகளைக் கொல்லும். ஆனால், ஃபுளோரைடும் நைட்ரேட்டும் அதற்குக் கட்டுப்படாது, காய்ச்சினாலும் போகாது. ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருப்பதே நல்லது. வேறு தண்ணீரே இல்லாவிட்டாலும் 1.5-ஐத் தாண்டக் கூடாது.

சப்ளை நின்றதும், விரிசல் விட்ட குழாய்க்குள் சாக்கடை நீர் புகுந்துவிடலாம். அதனால்தான், தெருக்கோடி வீட்டுக் குழாயிலும் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும் என்கிறது இந்திய தர நிர்ணய அமைவனம்.

லேசான குளோரின் வாடைக்கு முகம் சுளிக்காதீர்கள், அதுதான் காவல். போர்வெல் நீரைக் குடிப்பவர்கள், குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் ஒருமுறை பரிசோதித்துவிடுங்கள்!