வண்டிக் காமிராவுக்குத் தனிப் பேட்டரி: எதை வாங்குவது, எப்படிச் சோதிப்பது?

லோடு வண்டியின் முன் கண்ணாடியில் காமிரா பொருத்தும் வழக்கம் நம் வணிகர்களிடையே பரவி வருகிறது. விபத்து வழக்கு, இன்சூரன்ஸ் கோரிக்கை, இறக்குமிடத்தில் மூட்டைக் கணக்குத் தகராறு ஆகியவற்றில் அதன் பயனைப் பலரும் அறிவர். எந்தக் காமிரா நல்லது என்று இங்கே சொல்லப்போவதில்லை. இரவில் வண்டியை நிறுத்திச் சாவியை எடுத்த பிறகு காமிராவுக்கு மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்பதே நம் பொருள். விற்பவர்கள் இதை விவரமாகச் சொல்வதில்லை. நாமும் கேட்பதில்லை. கேட்காததற்கு நாம் கொடுத்த விலையை முதலில் சொல்லிவிடுகிறோம்.

2024 பொங்கலுக்கு முந்தின இரவு 8 மணிக்கு வண்டியை ஷெட்டில் விட்டோம். மூன்று நாள் கடை அடைப்பு. 18ஆம் தேதி காலை 6 மணிக்கு டிரைவர் சாவியைத் திருப்பினால் 'டிக் டிக்' என்ற சத்தம் மட்டும். காமிராவை வண்டியின் பேட்டரியிலேயே நேரடியாக இணைத்திருந்தோம். கணக்கைப் பாருங்கள். இரண்டு கண் உள்ள நம் காமிரா 4.5 வாட் எடுக்கிறது. 82 மணி நேரத்துக்கு 369 வாட்-மணி. 12 வோல்ட், 40 ஆம்பியர்-மணி வண்டி பேட்டரியின் மொத்தக் கொள்ளளவே 480 வாட்-மணிதான். முக்கால் பங்குக்கு மேல் காமிரா குடித்துவிட்டது. வண்டி பேட்டரி என்பது ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு ஒரு சில விநாடி பெரிய மின்சாரம் கொடுப்பதற்காகச் செய்யப்பட்டது. மெதுவாக நாள் கணக்கில் வடித்தால் அதன் ஆயுளே குறையும்.

பயந்துபோய் இணைப்பைக் கழற்றி, வண்டி ஓடும்போது மட்டும் காமிரா வேலை செய்யும்படி மாற்றினோம். மாசி மாதம் ஒரு நாள் காலை, இரவு ஏற்றி வைத்த சரக்கில் 15 கிலோ எண்ணெய் டின் இரண்டு குறைந்தது. ஷெட்டில் வேறு வண்டிகளும் நிற்கும், ஆட்களும் வந்துபோவார்கள். காமிராவில் ஒன்றும் இல்லை. ஒன்பது வருஷம் நம்மிடம் வேலை பார்த்த டிரைவர், "சம்பளத்தில் பிடித்துக்கொள்ளுங்கள் முதலாளி" என்று அவராகவே சொன்னார். நாம் பிடிக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு இருவருக்கும் முன்போலப் பேச்சு வரவில்லை. சித்திரையில் வேறு கடைக்குப் போய்விட்டார். இரண்டு டின் நஷ்டத்தை எந்தக் கணக்கிலும் எழுதிவிடலாம்; இதை எந்தக் கணக்கில் எழுதுவது?

வோல்டேஜ் குறைந்தால் தானாகத் துண்டிக்கும் வயர் கிட் இருக்கிறதே என்று சிலர் கேட்கலாம். இருக்கிறது. 12.2 வோல்ட்டில் துண்டிக்கும்படி வைத்தால் வண்டி மறுநாள் கிளம்பும். ஆனால் இரண்டு மூன்று வருஷம் ஓடிய பேட்டரி நள்ளிரவுக்கு முன்பே அந்த அளவுக்கு இறங்கிவிடுகிறது. திருடன் வரும் நேரத்தில் காமிரா தூங்கிவிடும். காமிராவுக்குள்ளேயே இருக்கும் சிறு பேட்டரி அல்லது கெப்பாசிட்டரோ கடைசிப் பதிவைக் கெடாமல் மூடுவதற்கு மட்டுமே. ஆகவேதான் தனிப் பேட்டரி: வண்டி ஓடும்போது அது சார்ஜ் ஏறும், நின்றபின் காமிராவுக்கு மட்டும் கொடுக்கும், வண்டி பேட்டரியைத் தொடாது.

எண்ணை நம்பாதீர்கள், அளவைக் கேளுங்கள்

பேட்டரியின் மேல் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் மில்லி ஆம்பியர்-மணி எண், எந்தப் படியால் அளந்தது என்று சொல்லாத அரிசிக் கணக்கைப் போன்றது. பெரிய படியால் ஆறு அளந்தாலும், அதில் கால் பங்கு கொள்ளும் சின்னப் படியால் இருபத்துநான்கு அளந்தாலும் சாக்கில் விழுவது ஒரே அரிசிதான். ஒரு பேட்டரியில் 6,000 என்றும் இன்னொன்றில் 24,000 என்றும் போட்டிருந்தது. முதலாவது 12.8 வோல்ட்டில் சொன்ன கணக்கு, 76.8 வாட்-மணி. இரண்டாவது, உள்ளே இருக்கும் ஒற்றைச் செல்லின் 3.2 வோல்ட்டில் சொன்ன கணக்கு, அதுவும் 76.8 வாட்-மணியே. விலையில் மட்டும் இரண்டாவது கூடுதல். எனவே வோல்ட்டையும் ஆம்பியர்-மணியையும் பெருக்கி வாட்-மணியில் மட்டுமே ஒப்பிட வேண்டும். பெட்டியில் வோல்ட் அளவு அச்சிடாத பேட்டரியை நாம் வாங்குவதில்லை.

அடுத்தது சோதனை. மூட்டையில் அச்சிட்ட எடையை நம்பி யாரும் கொள்முதல் செய்வதில்லை, தராசில் போடுகிறோம். பேட்டரிக்கும் எளிய தராசு உண்டு. 12 வோல்ட், 5 வாட் பார்க்கிங் பல்பு ஒன்று. ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும். அது எடுக்கும் மின்சாரம் ஏறத்தாழக் காமிரா எடுப்பதே. பேட்டரியை முழுக்கச் சார்ஜ் செய்து, சில மணி நேரம் ஆறவிட்டு, பல்பை இணைத்து, மணிக்கு ஒரு தடவை மல்டிமீட்டரில் வோல்ட்டைப் பார்த்துச் சிட்டையில் குறிக்க வேண்டும். காலையில் கடை திறந்ததும் தொடங்கினால் இரவு வரை கல்லாவில் இருந்தபடியே பார்க்கலாம். மிச்சத்தை வீட்டுக்கு எடுத்துப்போக வேண்டியதுதான். நாம் அப்படித்தான் செய்தோம், வீட்டில் ஏச்சும் வாங்கினோம்.

நான்கு பேட்டரிகளைச் சோதித்தோம். 6,000 என்று போட்ட லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி பதினைந்தே முக்கால் மணிக்குச் சற்றுக் குறைவாக எரிந்தது. எழுதியதில் இருபதில் ஒரு பங்குகூடக் குறையவில்லை. இதில் ஒரு விசேஷம், வோல்ட் 13ஐ ஒட்டியே வெகுநேரம் நின்று, கடைசியில் திடீரென்று சரிகிறது; உடனே உள்ளே இருக்கும் காப்புச் சுற்று துண்டித்துவிடுகிறது. வோல்ட்டைப் பார்த்து 'இன்னும் இவ்வளவு இருக்கிறது' என்று இந்த வகையில் சொல்ல முடியாது. 24,000 என்று போட்டது பதின்மூன்று மணியிலேயே அணைந்தது. ஐந்தில் ஒரு பங்கு குறைவு.

மூன்றாவது, யு.பி.எஸ்.ஸில் போடும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி ஈயப் பேட்டரி. கணக்குக்கு 84 வாட்-மணி, விலையோ மிகவும் மலிவு. கடைசிவரை வடித்தால் பதினெட்டு மணிக்கு மேல் எரிந்தது. ஆனால் ஈயப் பேட்டரியை அப்படித் தினமும் வடித்தால் சீக்கிரம் செத்துப்போகும். பாதியில் நிறுத்த வேண்டும். பாதி என்றால் ஒன்பது மணி. அதுவே நான்கு மாதம் வண்டியில் கிடந்து வைகாசி வெயிலையும் கண்டபின் ஐந்து மணிதான் வந்தது.

நான்காவது, செல்போனுக்கு வைத்திருக்கும் 20,000 பவர் பேங்க். 3.7 வோல்ட் கணக்கில் 74 வாட்-மணி. 5 வோல்ட்டாக மாற்றும்போது ஏற்படும் நஷ்டம் போகக் காமிராவைப் பதின்மூன்று மணி ஓட்டியது. குறையில்லை என்று நினைத்தோம். ஆனால் காமிரா பார்க்கிங் நிலையில் மிகக் குறைந்த மின்சாரம் எடுக்கும்போது, போன் சார்ஜ் ஆகிவிட்டது என்று எண்ணி அது தானே அணைந்துவிடுகிறது. வெயிலில் நிற்கும் வண்டியின் முன் பலகை 60 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். சித்திரை முடியுமுன் அது உப்பிவிட்டது. தூக்கி எறிந்தோம் என்று சொல்லக்கூடாது. பழைய பேட்டரி எடுப்பவரிடம் ஒப்படைத்தோம். 2022ஆம் ஆண்டு பேட்டரிக் கழிவு விதிகளின்படி குப்பையில் போடக்கூடாது, போட்டால் தீப்பிடிக்கவும் செய்யும்.

உப்புவதும் தீப்பிடிப்பதும் எல்லா லித்தியத்துக்கும் ஒரே அளவில் இல்லை. 1991இல் சோனி நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த லித்தியம்-அயான் பேட்டரி கோபால்ட் கலந்தது. இரும்பும் பாஸ்பேட்டும் சேர்ந்த வகையை 1997இல் அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் குடெனஃப் குழுவினர் வெளியிட்டனர். அவருக்கு 2019இல் நோபல் பரிசும் கிடைத்தது. எடை சற்றுக் கூடுதல் என்றாலும் சூட்டை இது நன்றாகத் தாங்கும். முறையாகப் பயன்படுத்தினால் இரண்டாயிரம் தடவைக்கு மேல் சார்ஜ் ஏறும். வண்டிக்குள் வைப்பதற்கு நாம் பரிந்துரைப்பது இதையே. நாம் வாங்கியது ஈயப் பேட்டரியைவிட மூன்று மடங்குக்கு மேல் விலை. லித்தியம் பேட்டரியில் ஐ.எஸ். 16046 என்ற எண்ணும் 'ஆர்' என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பார்த்து, பில்லோடு வாங்குங்கள்.

ஏறும் நேரமே முக்கியம்

எத்தனை மணி தாங்கும் என்று மட்டும் எல்லாரும் கேட்கிறார்கள். நம்மைப் போன்றவர்களுக்கு அதைவிட முக்கியம், எத்தனை மணியில் ஏறும் என்பது. சில்லறைக் கடைகளுக்குச் சரக்குப் போடும் வண்டி நாள் முழுக்கத் தெருவில் இருந்தாலும் இன்ஜின் ஓடுவது இரண்டு, இரண்டரை மணிதான். 7 ஆம்பியர்-மணி ஈயப் பேட்டரிக்கு 2 ஆம்பியருக்கு மேல் கொடுக்கக்கூடாது. கடைசிக் கால் பங்கு இன்னும் மெதுவாக ஏறும். நாள்தோறும் அரைகுறையாக ஏறி, அரைகுறையாகவே நின்று கெட்டுப்போகிறது. லித்தியம் பாஸ்பேட் பேட்டரி 5 ஆம்பியரை வாங்கிக்கொள்ளும். 6 ஆம்பியர்-மணி ஒன்றேகால் மணியில் நிறைந்துவிடுகிறது.

இன்னொன்று, தேவைக்கு மேல் வாங்க வேண்டாம். இரவு 9 முதல் காலை 6 வரை ஒன்பது மணிக்கு 40 வாட்-மணி போதும். தினமும் ஓடும் வண்டிக்கு 75 வாட்-மணிப் பேட்டரி தாராளம். உங்கள் காமிரா எவ்வளவு எடுக்கிறது என்பதைச் சார்ஜர் வயருக்கு நடுவில் செருகும் சிறிய யு.எஸ்.பி. மீட்டரே காட்டிவிடும். நீண்ட விடுமுறைக்கு எந்தப் பேட்டரியும் தாங்காது, வண்டியைச் சரக்கில்லாமல் விடுவதே வழி.

பேட்டரியை முன் பலகையில் வைக்காமல் சீட்டுக்கு அடியில் பட்டை போட்டுக் கட்டுங்கள். நடுவில் 10 ஆம்பியர் பியூஸ் அவசியம். ஏதேனும் பதிவு வழக்குக்குத் தேவைப்பட்டால் மெமரி கார்டை உடனே கழற்றி எடுத்து வையுங்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவின்படி அதனுடன் சான்றிதழும் தர வேண்டும், வக்கீலிடம் கேட்டால் சொல்வார்.

பல்பு, வயர், மீட்டர் எல்லாம் ஒரு பலகையில் பொருத்தி நம் கடையில் வைத்திருக்கிறோம். புதுப் பேட்டரி வாங்கும் உறுப்பினர்கள் கேரண்டி நாள் முடியுமுன் கொண்டுவந்தால் ஒரு நாள் எரித்துப் பார்த்துக்கொள்ளலாம். மாலை 4 மணிக்கு மேல் வந்தால் கூட்டம் இருக்காது.